கவனமுள்ள தந்தையின் கடமை: இங்கிலாந்துத் தொடக்கப்பள்ளி ஆசிரியரும் வெளிக்களச் சாகசமும்

தேசியப் பாடத்திட்டத்தின் உடற்கல்விப் பகுதி 1992-இல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தபோது, தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பழக்கமான விளையாட்டு, ஜிம்னாஸ்டிக்ஸ், நடனம், தடகளம், நீச்சல் ஆகிய ஐந்து துறைகளோடு ‘வெளிக்களச் சாகசச் செயல்பாடுகள்’ என்னும் ஆறாவது துறையும் சேர்ந்தது. வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு வழி கண்டுபிடித்தல், முகாமிடுதல், மலைநடை, பாறையேற்றம், படகு வலித்தல், குழுவாகச் சேர்ந்து ஒரு தடையைக் கடத்தல் முதலியவற்றை ஒருங்கே குறிக்கும் இத்தொடர், அதுவரை பெரும்பாலும் மேல்நிலைப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களிடமும் மலையேறிகளிடமும் புழங்கிவந்ததாகும். எழுத்து, கணக்கு, அறிவியல், ஓவியம் ஆகிய அனைத்தையும் ஒரே வகுப்புக்குத் தாமே கற்பிக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியரின் மேசைக்கு அது பாடத்திட்டத்தின் பெயரால் வந்து சேர்ந்தது. அதைப் பற்றி அவர் என்ன கருதுகிறார் என்று பின்வந்த ஆண்டுகளில் ஆய்வாளர்களும் அரசும் பலமுறை கேட்டனர். கிடைத்த விடை பெரிதும் மாறவில்லை. குழந்தைகளுக்கு அது நல்லது என்பதில் அவருக்கு ஐயமில்லை. தம்மால் அதைச் செய்ய இயலுமா என்பதில் ஐயம் இருந்தது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை அச்சம் என்றும் அக்கறைக் குறைவு என்றும் விளக்கியவர்கள் உண்டு. ஆனால் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இவ்வரலாற்றைத் தொடர்ந்து பார்க்கும்போது, பிறர் பெற்ற குழந்தையை வாசலுக்கு வெளியே அழைத்துச் செல்பவர் எதைச் சுமக்கிறார் என்பதை ஆசிரியர் மற்ற எவரைக் காட்டிலும் தெளிவாக அறிந்திருந்ததே அத்தயக்கத்தின் வேர் என்பது புலப்படும்.

இங்கிலாந்தின் ஏழைக் குழந்தைகளுக்கான பள்ளிகளில் ஆசிரியரை வகுப்பறைக்குள் கட்டிப்போட்ட முதல் கயிறு சம்பளம். 1862-இல் வெளியான திருத்த விதிகளின்படி, ஆண்டுக்கொருமுறை வரும் அரசு ஆய்வாளரின் முன்னிலையில் குழந்தைகள் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் எவ்வாறு தேறுகிறார்கள் என்பதைப் பொறுத்தே பள்ளிக்கு மானியம் வழங்கப்பட்டது. ‘விளைவுக்கேற்ற ஊதியம்’ என்று அம்முறை அழைக்கப்பட்டது. ஒரு பிற்பகலை வயல்வெளியில் கழித்தால் அதன் இழப்பு பள்ளியின் கணக்குப் புத்தகத்திலேயே தெரியும் என்ற நிலையில், பூவையும் பறவையையும் நேரில் காட்டுவது நல்ல கல்வி என்று நம்பிய ஆசிரியரும் படத்தைச் சுவரில் மாட்டிப் பாடம் நடத்துவதே விவேகம் என்று கொண்டார். 1890-களில் இம்முறை படிப்படியாகத் தளர்ந்தது. அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்கு ஆசிரியர் அழைத்துச் செல்லும் நேரமும் பள்ளி வருகையாகவே கணக்கிடப்படும் என்று விதிகள் அதே பத்தாண்டில் மாற்றப்பட்டன. நிர்வாகத்தின் பார்வையில் சிறிய திருத்தமான இது, ஆசிரியரின் பார்வையில் பூட்டப்பட்ட கதவொன்று திறந்ததற்கு நிகராகும்.

அக்கதவின் வழியே முதலில் வெளியே வந்தது ‘பள்ளிப் பயணம்’ என்னும் வழக்கம். தென் லண்டனின் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் சிலர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் தம் மாணவர்களை ரயிலேற்றிச் சுண்ணாம்புக் குன்றுகளுக்கும் கடற்கரைக்கும் அழைத்துச் செல்லத் தொடங்கினர். பயணம் முதலில் ஒரு நாளாக இருந்து, பிறகு ஒரு வாரமாகவும் இரு வாரமாகவும் வளர்ந்தது. குழந்தைகள் வாரந்தோறும் சில பென்னிகளைச் சேமிக்க, ஆசிரியர் பாதைகளை முன்கூட்டியே தாமே நடந்து பார்த்து, கற்களையும் செடிகளையும் பற்றிய சிறு கையேட்டைத் தயாரித்து, தங்குமிடம் பேசி, உணவுக்கு விலை பேசி, இரவில் வீட்டு நினைவில் அழும் குழந்தையின் அருகில் அமர்ந்திருந்தார். அவ்வேலைக்குத் தனி ஊதியம் ஏதும் இல்லை. 1911-இல் லண்டனில் இவ்வாசிரியர்கள் ஒன்றுகூடிப் பள்ளிப் பயணச் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தனர். இங்கிலாந்தின் வெளிக்களக் கல்வி வரலாற்றை எழுதுவோர் பலரும் மலையேறிகளிடமிருந்தும் கப்பலோட்டிகளிடமிருந்தும் தொடங்குவதால் இச்சங்கம் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது. அது பெரும் அநீதியாகும். நகரத்துக் குழந்தையை அதற்கு முன் கண்டிராத நிலத்தில் கொண்டுபோய் நிறுத்திய முதல் மனிதர்கள் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களே. எந்த ஆணையும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அவர்கள் அதைச் சாகசம் என்று பெயரிட்டு அழைக்கவில்லை என்பது வேறு செய்தி. கடலையே கண்டிராத பத்து வயதுக் குழந்தைக்கு அலையின் ஓரம்வரை நடந்து செல்வது மலைமுகட்டை எட்டுவதற்குச் சற்றும் குறைந்ததன்று.

இதே காலத்தில் சட்டம் ஆசிரியருக்கு ஓர் உருவத்தை வழங்கியது. பள்ளியில் வைக்கப்பட்டிருந்த பாஸ்பரஸ் சிறுவர்களின் கைக்குச் சென்று, அவர்களுள் ஒருவன் தீக்காயமடைந்த வழக்கில், ஆசிரியர் தம் மாணவர்பால் காட்ட வேண்டியது கவனமுள்ள ஒரு தந்தை தம் பிள்ளைகள்பால் காட்டும் அக்கறைதான் என்று 1893-இல் ஆங்கில நீதிமன்றம் கூறியது. பெற்றோரின் இடத்தில் நிற்பவர் ஆசிரியர் என்னும் பழைய கோட்பாடு இத்தீர்ப்பால் அளவுகோலாக மாறியது. தந்தை என்னும் சொல் ஆசிரியருக்குப் பெருமையும் சுதந்திரமும் தந்தது உண்மையே. தந்தைதான் மகனை மரமேற விடுகிறார், ஆற்றில் இறங்கவும் விடுகிறார். ஆனால் எந்தத் தந்தையும் ஐம்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில் ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்வதில்லை. அந்த உவமையின் இரு முகங்களும் அடுத்த நூறு ஆண்டுகள் ஆசிரியரின் மனத்தில் மாறி மாறித் தோன்றிக்கொண்டிருந்தன.

உடற்பயிற்சி பள்ளிக்குள் நுழைந்த விதமும் ஆசிரியரின் பார்வையை வடிவமைத்தது. தென்னாப்பிரிக்கப் போரில் படைக்குச் சேர வந்தவர்களின் மெலிந்த உடல்களைக் கண்டு கவலையுற்ற அரசு, போர்த்துறையின் துணையோடு 1902-இல் வெளியிட்ட பயிற்சித் திட்டம் படைவீரர்களின் அணிவகுப்பையே குழந்தைகளுக்கும் விதித்தது. வளர்ந்தவர்களின் பயிற்சியைச் சிறியவர்களுக்குச் சுருக்கித் தருவது கல்வியாகாது என்று எழுந்த எதிர்ப்பால் அது விரைவில் கைவிடப்பட்டு, 1904, 1909, 1933 ஆகிய ஆண்டுகளில் வெளியான பாடத்திட்டங்கள் சுவீடன் முறை உடற்பயிற்சியையும் விளையாட்டையும் நோக்கி நகர்ந்தன. இடையே, நோயுற்ற குழந்தைகளுக்காக ஜெர்மனியின் சார்லட்டன்பர்க்கில் 1904-இல் தொடங்கிய காட்டுப்பள்ளியைப் பின்பற்றி, லண்டன் மாவட்டக் கவுன்சில் 1907-இல் போஸ்டல் காட்டில் திறந்தவெளிப் பள்ளியொன்றை நடத்தியது. டெட்ஃபோர்டின் ஏழைக் குழந்தைகளுக்காக மார்கரெட் மக்மில்லன் தோட்டத்தையே பள்ளியாக்கினார். இவற்றில் காற்றும் வெயிலும் மருந்தாகக் கருதப்பட்டன. சாகசம் என்ற எண்ணம் இன்னும் தோன்றவில்லை.

அவ்வெண்ணம் போரோடு வந்தது. 1939 செப்டம்பரில், குண்டுவீச்சுக்கு அஞ்சி ஏறத்தாழ 15 லட்சம் பேர், பெரும்பாலோர் பள்ளிக் குழந்தைகளும் அவர்தம் ஆசிரியர்களும், நகரங்களிலிருந்து கிராமப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர். அதே ஆண்டு இயற்றப்பட்ட முகாம் சட்டத்தின்கீழ் தேவதாரு மரக் கூடங்களோடு முப்பதுக்கு மேற்பட்ட முகாம்கள் நாட்டுப்புறத்தில் எழுந்தன. சர்ரே மாவட்டத்தின் சேயர்ஸ் கிராஃப்ட் அவற்றுள் ஒன்றாகும், இன்றும் பள்ளிக் குழந்தைகள் அங்கே வந்து தங்குகின்றனர். ஆசிரியர்கள் மாணவர்களோடு இரவும் பகலும் மாதக்கணக்கில் வாழ்ந்த இவ்வனுபவத்தின் பயனைக் கல்வியாளர்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். அதன் சுமையைப் பேசியவர்கள் குறைவு. போர் முடியும் முன்பே வந்த 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், முகாம்களையும் விளையாட்டு இடங்களையும் நடத்தும் அதிகாரத்தை உள்ளாட்சிக் கல்வி நிர்வாகங்களுக்கு அளித்தது.

வெளிக்களச் சாகசத்துக்குத் தத்துவம் தந்தவர் கர்ட் ஹான். 1933-இல் ஜெர்மனியிலிருந்து வெளியேறிய அவர், மறு ஆண்டு ஸ்காட்லாந்தில் கோர்டன்ஸ்டவுன் பள்ளியைத் தொடங்கியவர். தாக்கப்பட்ட வணிகக் கப்பல்களில் வயதான மாலுமிகள் பிழைக்கும்போது இளையவர்கள் மனந்தளர்ந்து மடிகிறார்கள் என்று கவலையுற்ற கப்பல் நிறுவன உரிமையாளர் லாரன்ஸ் ஹோல்ட்டும் அவரும் சேர்ந்து, 1941-இல் வேல்சின் அபர்டோவியில் ‘அவுட்வர்ட் பவுண்ட்’ என்னும் பயிற்சிப் பள்ளியை நிறுவினர். துறைமுகத்தை விட்டுக் கடலுக்குப் புறப்படும் கப்பலைக் குறிக்கும் மாலுமிகளின் வழக்கே அப்பெயர். குளிரும் களைப்பும் ஆபத்தும் ஒருவரின் உள்ளுறுதியை வெளிக்கொணரும் என்பது அப்பள்ளியின் கொள்கை. அதைப் பொதுக்கல்விக்குள் கொண்டுவந்தவர் டர்பிஷயரின் கல்வி இயக்குநர் ஜாக் லாங்லண்ட். 1933-ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணக் குழுவில் இடம்பெற்று, கடும் புயலில் ஷெர்பாக்களைப் பாதுகாப்பாகக் கீழே இறக்கிக் கொண்டுவந்த மலையேறியான அவர், பக்ஸ்டன் நகருக்கு அருகே வைட் ஹால் என்னும் மாளிகையை 1950-களின் தொடக்கத்தில் வெளிக்கள மையமாக்கினார். உள்ளாட்சிக் கல்வி நிர்வாகமொன்று நடத்திய தங்கிப்பயிலும் மையங்களில் அதுவே முன்னோடி. ஆனால் அபர்டோவியும் வைட் ஹாலும் பதின்வயதினரையே மனத்தில் கொண்டவை. அங்கே உருவான அளவுகோல்கள் பின்னர் தொடக்கப்பள்ளிக்கும் வந்தபோதுதான் சிக்கல் பிறந்தது.

தொடக்கப்பள்ளிக்குள் போர்க்காலம் வேறொரு வழியாகவும் நுழைந்தது. அதை ஆசிரியர்கள் மனமுவந்து ஏற்றனர். கமாண்டோ என்னும் அதிரடிப் படையினர் பயிற்சிக்குப் பயன்படுத்திய கயிற்று வலை, ஏறுசட்டம், தொங்குபாலம் போன்றவற்றின் சாயலில் குழந்தைகளுக்கான ஏறுகருவிகளைச் சில கல்வி நிர்வாகங்கள் போருக்குப் பின் உருவாக்கின. கல்வி அமைச்சகம் 1952-இலும் 1953-இலும் வெளியிட்ட இரண்டு கையேடுகள் 1933-ஆம் ஆண்டின் பயிற்சிப் பட்டியலை ஒதுக்கிவிட்டு, குழந்தை தானே கண்டறியும் அசைவுக்கு இடமளிக்கும்படி ஆசிரியரைக் கேட்டுக்கொண்டன. எண்ணிக்கை சொல்லிக் கைகளை உயர்த்தச் செய்த ஆசிரியர், இப்போது ஏறுசட்டத்தின் அருகே நின்று, எந்தக் குழந்தை எவ்வளவு உயரம் ஏறும் என்பதைக் குழந்தையின் முடிவுக்கு விட்டுவிட்டுக் கவனிக்கப் பழகினார். உயரத்தில் நின்று அழும் குழந்தையை உடனே தூக்கி இறக்குவதா, அது தானே காலை எடுத்து வைக்கும்வரை பொறுத்திருப்பதா என்னும் தேர்வு அவருடைய அன்றாட வேலையாயிற்று. இடரை அளந்து தரும் கலை தொடக்கப்பள்ளிக்குத் தெரியாத ஒன்று என்று பிற்காலத்தில் சொல்லப்பட்டதெல்லாம் இதை மறந்த பேச்சு. பள்ளிக் கூடத்தின் ஏறுசட்டத்தடியில் அக்கலை ஒவ்வொரு வாரமும் பயிலப்பட்டது. ஆசிரியர் தமக்கு முற்றும் பழகிய இடத்தில், தாம் நன்கறிந்த குழந்தைகளோடு, தம் கையெட்டும் தொலைவில் அதைப் பயின்றார்.

குழந்தையின் சுற்றுப்புறமே அதன் பாடநூல் என்ற எண்ணம், தொடக்கப்பள்ளி பற்றிய 1931-ஆம் ஆண்டு ஹேடோ அறிக்கையில் தொடங்கி, பிரிட்ஜெட் பிளவுடன் தலைமையிலான குழுவின் 1967-ஆம் ஆண்டு அறிக்கையில் முழு வலிமை பெற்றது. 1960-களிலும் 1970-களிலும் கல்வி நிர்வாகங்கள் வேல்சின் மலைப்பகுதிகளிலும் ஏரி மாவட்டத்திலும் பழைய பண்ணை வீடுகளையும் கைவிடப்பட்ட கிராமப் பள்ளிகளையும் விலைக்கு வாங்கித் தங்கும் மையங்களாக்கின. தொடக்கப்பள்ளியின் இறுதியாண்டு வகுப்பு ஒரு வாரம் அங்கே சென்று தங்குவது பல ஊர்களில் எதிர்பார்க்கப்படும் வழக்கமாயிற்று. 1975-இல் டார்ட்டிங்டனில் கல்வித்துறை கூட்டிய மாநாடு, வெளிக்களக் கல்வியின் நோக்கம் தன்னையும் பிறரையும் இயற்கையையும் மதிக்கக் கற்பதே என்று வரையறுத்தது. ஆசிரியர்கள் பேசிய மொழி இதைவிட எளியது. வகுப்பில் வாய் திறவாத குழந்தை மலைப்பாதையில் மற்றவரை வழிநடத்தியதையும், எழுத்தில் பின்தங்கிய சிறுவன் வரைபடத்தை எல்லாரிலும் முந்திப் படித்ததையும், திரும்பி வந்த திங்கட்கிழமை வகுப்பறையின் காற்றே மாறியிருந்ததையும் அவர்கள் தொடர்ந்து கூறிவந்தனர். கயிறு பிடித்து இறங்கியதைவிட, பாத்திரம் கழுவியதும் படுக்கை விரித்ததும் இருட்டில் நண்பரின் கையைப் பிடித்துக்கொண்டதும் அவர்கள் நினைவில் நின்றன. மையத்தின் பயிற்றுநர் ஒரு திறனைக் கற்பித்தார். ஆசிரியரோ அடுத்த ஓராண்டும் தம்மோடு இருக்கப்போகும் ஒரு குழந்தையைப் புதிதாகக் கண்டார். இவ்விரு நோக்குகளும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்து இயங்கின, ஆனால் ஒன்றோடொன்று முழுமையாகக் கலக்கவில்லை.

1971 நவம்பரில் ஸ்காட்லாந்தின் கேர்ன்கோர்ம் பீடபூமியில் பனிப்புயலில் சிக்கி எடின்பரோவின் மேல்நிலைப் பள்ளி மாணவர் ஐவரும் 18 வயதான பயிற்சி வழிகாட்டி ஒருவரும் உறைந்து இறந்தனர். பிரிட்டனின் மலைவிபத்துகளில் மிகக் கொடியதாகக் கருதப்படும் இத்துயரத்துக்குப் பின், குழந்தைகளை மலைக்கு அழைத்துச் செல்பவருக்குச் சான்றிதழ் இருக்கவேண்டும் என்ற வற்புறுத்தல் எங்கும் வலுத்தது. 1964-இலேயே தொடங்கப்பட்டிருந்த மலைத் தலைமைப் பயிற்சிக்கு அதற்குப்பின் புதிய எடை வந்தது. இது நியாயமான, உயிர்காத்த ஏற்பாடு. ஆயினும் அதன் நிழல் நீண்டது; பனி மூடிய பீடபூமிக்குத் தேவையான தகுதி, நீரோடைக்கரை நடைக்கும் தேவையோ என்ற ஐயம் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்குள் குடியேறியது. சாகசம் என்பது தேர்ந்தவர்களின் தொழில், தமது வேலையன்று என்ற எண்ணம் அவரிடத்தில் வேரூன்றத் தொடங்கியது இப்போதுதான்.

1980-களின் நடுப்பகுதியில் ஊதியத்துக்காக நடந்த நீண்ட ஆசிரியர் போராட்டமும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே. பள்ளி நேரத்துக்கு அப்பால் தாமாக முன்வந்து செய்த பணிகளை ஆசிரியர்கள் நிறுத்திக்கொண்டதால், மாலை விளையாட்டும் வார இறுதி முகாமும் பல பள்ளிகளில் நின்றன. 1987-இல் அரசு விதித்த பணி நிபந்தனைகள் ஆசிரியரின் ஆண்டு உழைப்பை 195 நாள், 1,265 மணி என்று எண்ணிக் காட்டின. அதுவரை எண்ணப்படாமல் அள்ளித் தரப்பட்ட நேரத்துக்கு எண் வந்தபின், குழந்தைகளோடு முகாமில் விழித்திருந்த இரவுகள் எந்தக் கணக்கில் சேரும் என்ற கேள்வி எழுவது இயல்பு. அடுத்த ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டம், பள்ளி நேரச் செயல்பாட்டுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது, பெற்றோர் விரும்பித் தரும் தொகையைக் கேட்கலாம், தங்குமிடச் செலவைப் பெறலாம் என்று விதித்தது. இதனால் ஏழைக் குழந்தைக்குப் பாதுகாப்புக் கிடைத்தது; போதிய தொகை சேராவிட்டால் பயணத்தையே கைவிட வேண்டிய நிலையும் கிடைத்தது. அதே சட்டத்தால் நிதி பள்ளிகளின் கைக்கு மாறியதும், கல்வி நிர்வாகங்கள் நடத்திவந்த மையங்கள் பல அடுத்த ஆண்டுகளில் சுருங்கின அல்லது மூடப்பட்டன. ஆசிரியருக்கு வழிகாட்டிய ஆலோசகர்களும் அவற்றோடு குறைந்தனர். மையங்கள் இவ்வாறு மங்கத் தொடங்கிய வேளையில்தான், முன்னர்க் கூறிய 1992-ஆம் ஆண்டு ஆணை வெளிக்களச் சாகசத்தைப் பாடமாக்கியது.

ஆணை வெளிவந்து ஓராண்டு நிறையும் முன், 1993 மார்ச் 22 அன்று, தென்மேற்குக் கடற்கரையின் லைம் ரீஜிஸிலிருந்து கயாக் என்னும் சிறு துடுப்புப் படகுகளில் புறப்பட்ட பள்ளிக் குழுவொன்று கடலில் அடித்துச் செல்லப்பட, பதின்வயதினர் நால்வர் இறந்தனர். அப்பயணத்தை நடத்திய தனியார் மையத்தின் பாதுகாப்புக் குறைகளை அதன் முன்னாள் பயிற்றுநர்கள் கடிதம் எழுதி முன்பே எச்சரித்திருந்தனர். நிறுவனமும் அதன் நிர்வாக இயக்குநரும், கொலைநோக்கம் இல்லாமல் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்காக 1994-இல் தண்டிக்கப்பட்டனர். இங்கிலாந்தில் ஒரு நிறுவனம் இக்குற்றத்துக்குத் தண்டனை பெற்றது அதுவே முதன்முறை. பிளிமத் நகரின் நாடாளுமன்ற உறுப்பினரும் முன்னாள் ஆசிரியருமான டேவிட் ஜேமிசன் கொண்டுவந்த தனிநபர் மசோதா, 1995-இல் செயல்பாட்டு மையங்களின் இளையோர் பாதுகாப்புச் சட்டமாயிற்று. பாறையேற்றம், நீர்ச் சாகசம், மலைநடை, குகை நுழைவு ஆகியவற்றைக் கட்டணத்துக்கு நடத்துவோர் 1996 முதல் உரிமம் பெறவேண்டியிருந்தது. தம் சொந்த மாணவருக்கு இவற்றை நடத்தும் பள்ளிக்கு இந்த உரிமம் தேவையில்லை. சட்டமியற்றியோர் இதைப் பள்ளிகளின்மேல் வைத்த நம்பிக்கையாகக் கருதியிருக்கலாம். ஆசிரியர்கள் பலரோ, உரிமம் பெற்ற மையமொன்றில் பயிற்றுநரிடம் குழந்தைகளை ஒப்படைப்பதே பாதுகாப்பானது என்ற பாடத்தைக் கற்றனர். சாகசத்தில் ஆசிரியர் பார்வையாளராக மாறிய மாற்றம் இச்சட்டத்தோடு விரைந்தது.

அதற்குள் வகுப்பறையின் கதவும் மீண்டும் இறுகியது. 1998-இல் தொடக்கப்பள்ளிகளில் நாளொன்றுக்கு ஒரு மணி நேர எழுத்தறிவுப் பாடமும், மறு ஆண்டு அதற்கிணையான கணக்குப் பாடமும் வந்தன. 11 வயதுத் தேர்வின் முடிவுகள் பட்டியலிட்டு வெளியிடப்பட்டன. இவற்றுக்கு இடமளிக்க மற்றப் பாடங்களின் விரிவான விதிகள் தளர்த்தப்பட்டன. 1862-ஆம் ஆண்டின் ஆய்வாளர் வேறு உடையில் திரும்பி வந்ததாக மூத்த ஆசிரியர் ஒருவருக்குத் தோன்றியிருந்தால் அதில் வியப்பில்லை. 2000 முதல் நடப்புக்கு வந்த திருத்தப் பாடத்திட்டத்தில் நடனமும் விளையாட்டும் ஜிம்னாஸ்டிக்ஸும் கட்டாயமாக நின்றன. வெளிக்களச் சாகசம் நீச்சல், தடகளம் ஆகியவற்றோடு விருப்பப் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. நீச்சல் கற்பிப்பது ஏற்கெனவே தவிர்க்க முடியாததாக இருந்ததால், மீதமுள்ள ஓரிடத்துக்கு ஓட்டப் போட்டியும் சாகசமும் போட்டியிட்டன. ஒன்று பள்ளித் திடலிலேயே முடியும், மற்றதற்குப் பேருந்தும் பணமும் படிவங்களும் வேண்டும் எனும்போது, ஆசிரியர் எதைத் தேர்ந்தார் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆசிரியர்களின் மனத்தை ஆழமாகக் காயப்படுத்திய நிகழ்ச்சி 2002 மே மாதத்தில் ஏரி மாவட்டத்தில் நேர்ந்தது. மழையால் பெருக்கெடுத்த மலையோடையின் குளத்தில் குதிக்கும் விளையாட்டின்போது, மேல்நிலைப் பள்ளிக் குழுவோடு வந்திருந்த பத்து வயதுச் சிறுவன் நீரில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். பயணத்தை நடத்திய ஆசிரியர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2003-இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். கவனமுள்ள தந்தை என்னும் பழைய உருவம் குற்றவாளிக் கூண்டில் நிற்பதை ஆசிரியர் உலகம் கண்டது. 2004-இல், நாட்டின் பெரிய ஆசிரியர் சங்கங்களுள் ஒன்றான என்.ஏ.எஸ்.யு.டபிள்யு.டி., விபத்தை விபத்தாக ஏற்கும் மனம் சமுதாயத்துக்கு இல்லாமற் போய்விட்டது என்னும் கருத்தில், பள்ளிப் பயணங்களில் பங்கேற்காதிருக்குமாறு தன் உறுப்பினர்க்கு அறிவுரை வழங்கியது. இவ்வறிவுரையைக் கோழைத்தனம் என்று பத்திரிகைகள் சில சாடின. அக்கண்டனம் எளிது, ஆனால் நேர்மையற்றது. ஓராண்டில் பல லட்சம் குழந்தைகள் பத்திரமாகச் சென்று திரும்பும் பயணங்களுக்கு எந்த ஆசிரியரின் பெயரும் செய்தியில் வருவதில்லை. ஒரு குழந்தை திரும்பாத நாளில் மட்டும் அவர் பெயர் நாடெங்கும் ஒலிக்கிறது. இத்தகைய ஏற்றத்தாழ்வைச் சுட்டிக்காட்டும் கடமை ஒரு சங்கத்துக்கு உண்டு. அதே வேளை, வீட்டார் அழைத்துச் செல்ல இயலாத குழந்தைகளுக்கு அப்பயணமே மலையைக் காணும் ஒரே வாய்ப்பு என்பதால், அறிவுரையின் சுமை வறிய குழந்தைகளின் மேலேயே விழுந்தது என்பதையும் மறைக்க முடியாது.

2005-இல் நாடாளுமன்றத்தின் கல்விக் குழு, வழக்கு பற்றிய அச்சம் உண்மையான ஆபத்தைவிடப் பெரிதாக்கப்பட்டிருக்கிறது என்று முடிவு கூறி, சங்கம் தன் அறிவுரையை மறுபரிசீலனை செய்யவேண்டும் என்றது. அடுத்த ஆண்டு, வகுப்பறைக்கு வெளியே கற்பதற்கான கொள்கை அறிக்கையொன்றை அரசு வெளியிட்டது. தேசியக் கல்வி ஆய்வு நிறுவனமும் லண்டன் கிங்ஸ் கல்லூரியும் சேர்ந்து, 1993 முதல் 2003 வரை ஆங்கிலத்தில் வெளியான 150 ஆய்வுகளைத் தொகுத்து 2004-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, ஆசிரியரைத் தடுப்பவை பாதுகாப்பு அச்சம், தன்னம்பிக்கைக் குறைவு, பாடத்திட்ட நெருக்கடி, நேரமும் பணமும் ஆதரவும் இன்மை ஆகியவையே என்று வரிசைப்படுத்தியது. இவற்றுள் தன்னம்பிக்கைக் குறைவே நின்று சிந்திக்கத் தக்கது. தொடக்கப்பள்ளி ஆசிரியராகப் பயில்பவருக்கு ஓராண்டுப் பயிற்சியில் உடற்கல்வி முழுமைக்குமே கிடைப்பது சில மணி நேரம். அதில் சாகசத்துக்குரிய பங்கு பல சமயங்களில் ஒரு பிற்பகலைத் தாண்டுவதில்லை. இடர் மதிப்பீடு, அதாவது நேரக்கூடிய தீங்கையும் அதைத் தடுக்கும் வழியையும் முன்கூட்டி எழுதி வைக்கும் நடைமுறை, அவர் கைக்கு ஒரு படிவமாகவே வந்து சேர்கிறது. மலையையும் நீரையும் அவர் அறியும் முன்பே அவற்றின் ஆபத்துகளைப் பட்டியலிட வேண்டியவராகிறார். முதல் மூன்று வகுப்புகளுக்கு ஆறு குழந்தைகளுக்கு ஒரு பெரியவர், அடுத்த மூன்றுக்குப் பத்து முதல் பதினைந்து குழந்தைகளுக்கு ஒருவர் என்று அரசின் 1998-ஆம் ஆண்டுக் கையேடு பரிந்துரைத்த விகிதம் கூட, முப்பது பேர் கொண்ட வகுப்பின் ஆசிரியருக்கு, உடன்வரும் பெற்றோரைத் தேடி அலைவதையே முதல் பணியாக்கியது.

இந்த நெருக்கடிக்குள் ஆசிரியர்கள் தாமே கண்டுபிடித்த வழி, சாகசத்தைப் பள்ளி வளாகத்துக்குள் கொண்டுவருவது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் பிறந்து, 1960-களில் பிரிட்டனில் பரவிய ஓரியன்டியரிங், வரைபடத்தின் துணையால் குறிக்கப்பட்ட இடங்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து விரைந்து திரும்பும் போட்டியாகும். அதற்குக் காடு வேண்டும் என்ற நிலை மாறி, பள்ளித் திடலின் வரைபடமே போதும் என்றானபோது, ஆறு வயதுக் குழந்தையும் தன் வகுப்பறையின் வரைபடத்தில் கதவைக் கண்டறிந்து தொடங்க முடிந்தது. திடலின் சுவரில் தரையோடு ஒட்டிப் பொருத்தப்பட்ட பிடிகள் கொண்ட ஏறுசுவரில், உயரே செல்லாமல் பக்கவாட்டில் நகர்ந்து, விழுந்தாலும் காயப்படாத உயரத்திலேயே பாறையேற்றத்தின் சமநிலையை அவர்கள் கற்றனர். கண்ணைக் கட்டிக்கொண்டு நண்பரின் குரலை நம்பி நடப்பதும், தரையைத் தொடாமல் பலகைகளின் மேல் எல்லாரும் மறுகரை சேர்வதும் இத்துறையின் பாடங்களாயின. சாகசம் என்பது ஆபத்தின் அளவன்று, குழந்தைக்கு முடிவு தெரியாத நிலையே என்று இவ்வாசிரியர்கள் கொண்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடற்கரைக்குக் குழந்தைகளை அழைத்துச் சென்ற லண்டன் ஆசிரியர்களும் ஏறுசட்டத்தடியில் காத்திருந்த 1950-களின் ஆசிரியர்களும் இதை ஏற்றுக்கொண்டிருப்பார்கள். மலையேறிகளின் அளவுகோலால் பார்த்தால் இவை மிகச் சிறியவை. அந்த அளவுகோல் தொடக்கப்பள்ளிக்காகச் செய்யப்பட்டதன்று.

2011-இல் கல்வித்துறை, பயணங்கள் பற்றிய ஏறத்தாழ 150 பக்க வழிகாட்டலை நீக்கி எட்டுப் பக்கத்தில் புதியதை வெளியிட்டது. 2014 முதல் நடப்பிலுள்ள பாடத்திட்டம், 7 முதல் 11 வயதுக் குழந்தைகள் தனியாகவும் குழுவாகவும் வெளிக்களச் சாகசச் சவால்களில் பங்கேற்க வேண்டும் என்று ஒற்றை வரியில் கூறி நின்றுவிடுகிறது. எதை, எங்கே, எவ்வளவு நேரம் என்பதை ஆசிரியரே முடிவு செய்ய வேண்டும். ஜூன் மாதத்தில் வேல்சின் மலைப்பகுதிக்குப் புறப்படும் பேருந்தின் முன்னிருக்கையில் இன்றும் ஒரு வகுப்பாசிரியர் அமர்ந்திருக்கிறார். குழந்தைகளின் மருந்துகள், பெற்றோரின் தொலைபேசி எண்கள், யாருக்கு எந்த உணவு ஒவ்வாது என்ற பட்டியல் ஆகியவை அடங்கிய பை அவர் மடியில் இருக்கிறது. பேருந்து ஒவ்வொரு முறை நின்று புறப்படும்போதும் அவர் எழுந்து தலைகளை எண்ணுகிறார்.